கயிறு இழுக்கிற இடம்

எனக்குப் பொறாமை அதிகம். இதை ஒளித்து மறைத்து எழுத எனக்குத் தெரியாது. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பின்னல் நீளத்தைப் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா சொன்னாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பொறாமைக்கு முழுநேர வேலை கிடைத்தது.

இலஞ்சியில் பிறந்த என்னைத் தென்காசியில் ஒரு கடைசல்காரருக்குக் கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். மரச்சொப்பு, குங்குமச் சிமிழ், நடைவண்டி, கட்டில் கால் என்று எதைக் கேட்டாலும் கடைந்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு ஏற்றித் தருவார். வருஷம் முழுக்கக் கடைந்து சேர்த்ததை, ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் கூடைகளில் அடுக்கிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோவோம். பேரருவிக்குப் போகிற வழியில் ஓலைப் பந்தல் போட்டு ஒரு கடை. சீசன் முடிகிற வரைக்கும் மாமியார்தான் அங்கே உட்கார்ந்திருப்பாள். விடிகாலையில் வண்டி ஏறினால் பொழுது அடைந்துதான் வருவாள்.

கடைசல் ஒற்றை ஆள் வேலை இல்லை. தரையில் இரண்டு கட்டைகள் நட்டிருக்கும். அவற்றின் இரும்பு முனைகளுக்கு நடுவே மரத்தைப் பூட்டி, மரத்தின் மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். எதிரே ஒருவர் உட்கார்ந்து கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்து, வலக்கை ஒரு இழுப்பு, இடக்கை ஒரு இழுப்பு என்று மாற்றி மாற்றி இழுப்பார். மரம் ஒரு தடவை கடைபவர் பக்கம் சுழலும், மறு தடவை எதிர்ப்பக்கம் சுழலும். தன் பக்கம் சுழலும்போது அவர் உளியை வைப்பார். எதிர்ப்பக்கம் திரும்பும்போது உளியை ஒரு மயிரிழை தூக்கிக்கொள்வார். இழுக்கிறவர் கையும் கடைகிறவர் கையும் ஒத்துப்போகாவிட்டால் மரம் கெட்டுவிடும்.

எங்கள் வீட்டில் முன்பு கயிறு இழுத்த கொழுந்தன் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அதனால் கல்யாணம் ஆன மூன்றாம் மாதமே என்னை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். என் அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. கூட்டுக்குடும்பத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் நின்று இரண்டு வார்த்தை பேச முடியாத காலம் அது. எனக்கோ காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவருக்கு எதிரே, ஒன்றரை முழத் தூரத்தில் உட்கார எல்லாருடைய சம்மதமும் இருந்தது. தோள் வலித்தது உண்மைதான். ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுநாள் எல்லாருக்கும் முந்திப் போய் உட்காருவேன்.

என் வலக்கை வலு, இடக்கை சோனி. இடக்கை இழுப்பில் மரம் கொஞ்சம் தயங்கித்தான் திரும்பும். முதல் வாரம் இரண்டு சிமிழ் உடைந்தது. அதன் பிறகு அவர் என் இடக்கைக்குத் தகுந்தபடி உளியைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானாகக் கவனித்துத் தெரிந்துகொண்டேன். அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் நான் உண்டானேன். கார்த்திகையில் வளைகாப்பு நடத்தி என்னை இலஞ்சிக்கு அழைத்துப்போனார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம், அதில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. கயிறு இழுக்க யார் என்று நான் கேட்டதற்கு, அதைப் பற்றி உனக்கென்ன, வயிற்றைப் பார் என்றாள் மாமியார். பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தகவல் வந்தது. மாமியார் தன் அண்ணன் மகளைச் செங்கோட்டையிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

மாமியாரின் அண்ணன் மகள் என்றால் என் வீட்டுக்காரருக்கு மாமன் மகள். கட்டிக்கொள்ள முறையுள்ள பெண். ஜாதகம் பொருந்தாமல்தான் அவளை வேறு இடத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் மலைக்கு அந்தப் பக்கம் காட்டில் மரம் வெட்டுகிற கூப்பு ஒன்றில் வேலை பார்த்தார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். செங்கோட்டை அப்போது இன்னும் திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. பிள்ளை இல்லை. ஆகவே அவளுக்கு வரவும் போகவும் தடை இல்லை. முறைக்கு அவள் எனக்கு அக்கா. என்னைவிட ஒரு வயது மூத்தவள். அந்த ‘அக்கா’ எனக்கு ஒரு நாளும் லேசாக வாயில் வந்ததில்லை.

இலஞ்சியில் அந்த ஏழு மாதமும் எனக்கு எல்லாம் கிடைத்தது, தூக்கத்தைத் தவிர. வயிறு கனத்துப் படுத்திருக்கும்போது, ஒன்றரை முழத் தூரத்தில் அவர் எதிரே அவள் உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வரும். மாசியில் பெண் பிறந்தது. பார்க்க வந்த என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி முகர்ந்துவிட்டு, கடைசலெல்லாம் நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதே என்றார். கவலைப்படாதே என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் போய்விட்டது.

வைகாசி கடைசியில் நாலு மாதப் பிள்ளையோடு தென்காசிக்குத் திரும்பினேன். வந்த அன்றே பட்டறைக்குள் போய்க் கூடைகளைத் திறந்து பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

நான் இழுத்துக் கடைந்த சிமிழ்களில் கூர்ந்து பார்த்தால் மெல்லிய வளையம் வளையமாகத் தெரியும். சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டில் உருகி ஏறும், பிறகு காய்ந்த தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளக்கும். அந்த நேரத்தில் கயிறு எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு வளையம் விழும். என் இடக்கையின் கையெழுத்து அது. இந்தக் கூடையில் இருந்தவற்றில் ஒரு வளையம்கூட இல்லை. கிணற்றுத் தண்ணீரில் முகம் தெரிகிற மாதிரி என் முகம் தெரிந்தது. அது நல்ல முகமாக இல்லை.

நாளையிலிருந்து நான் இழுக்கிறேன் என்று சொன்னேன். பச்சை உடம்புக்காரி, ஆறு மாதம் ஆகாமல் கயிற்றைத் தொடக் கூடாது என்று மாமியார் முடிவாகச் சொல்லிவிட்டாள். அவரும் ஆமாம் என்றார். அக்காவும் ஆமாம் என்றாள், அதுவும் உண்மையான அக்கறையோடு. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். நான் இடம்கூடக் கொடுக்கவில்லை, வளைகாப்பு வளையல் போட்டு என்னை அனுப்பிவிட்டு அவர்களே கொடுத்துக்கொண்டார்கள்.

கெட்டவள் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய துன்பம். குனிந்த தலை நிமிராமல் இழுப்பாள். அவரைப் பார்க்கவே மாட்டாள், கயிற்றைத்தான் பார்ப்பாள். இரண்டு கையும் ஒரே சீர். அவரும் நிமிர மாட்டார். என்னோடு வேலை செய்யும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாரே, அது இவளிடம் தேவைப்படவில்லை. முதலில் அதை நினைத்து ஆறுதல்பட்டேன். பிறகு, பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு ஒத்துப்போய்விட்டதா என்று அதற்கும் வயிறெரிந்தேன். பொறாமைக்குத் தீனி போட நான் எங்கேயும் தேடிப் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம் என்று நானும் குற்றாலம் கடைக்குப் போனேன். போன சீசனில் மிஞ்சிய என் சிமிழ்களை அவள் இழுத்த சிமிழ்களோடு வேண்டுமென்றே கலந்து ஒரே கூடையில் வைத்தேன். வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். அருவியில் குளித்து ஈரத் தலையோடு ஒரு மதராஸ் அம்மாள் வந்தாள். பொறுமையாகத் துழாவி ஏழு சிமிழ் எடுத்தாள். ஏழும் அக்கா இழுத்தவை. எட்டாவதாக என்னுடையதில் ஒன்றை எடுத்து, சாரல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீழே வைத்துவிட்டாள். அவள் போன திசையைப் பார்த்து மனசுக்குள் திட்டினேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவர், பிள்ளைக்குத் தொட்டில் கம்பு கடைய வேண்டும் என்றார். சேலையில் கட்டுகிற தொட்டில் சுருங்கிவிடாமல் விரித்துப் பிடிக்க நடுவில் குறுக்காகக் கொடுப்போமே, அந்தக் கம்பு. இரண்டு முழ நீளத்தில் நல்ல மஞ்சக்கடம்புக் கட்டை ஒன்றை இதற்கென்றே பரணில் காய வைத்திருந்தாராம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்றதெல்லாம் போகட்டும், இது ஒன்றுக்கு மட்டும் நான் கயிறு இழுக்கிறேன் என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

“நீளமான கம்புட்டி. அரக்கு விட்டு விட்டு ஓடக் கூடாது. அவ இழுக்கட்டும்.”

அவர் குத்திப் பேசவில்லை. தொழிலைத்தான் சொன்னார். எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் என் பிள்ளை தூங்குகிற தொட்டிலுக்கு அவரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து கம்பு கடைவார்களாம், நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அன்று அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை மாமியார் கடைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். பிள்ளையை நானே குளிப்பாட்டினேன். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலுக்குக் கீழே போட்டு, உச்சி முதல் பாதம் வரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூங்க வைத்தேன். மீந்த எண்ணெயைக் கிண்ணத்திலிருந்து வழித்து எடுத்தேன், கை இரண்டும் எண்ணெய். அவர் கம்பைப் பூட்ட அளவு பார்த்துக்கொண்டு வெளியே நின்றார். அக்கா பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பட்டறைச் சுவரில் ஆணியில் கயிறு தொங்கியது.

நான் அதில் கையைத் துடைத்தேன். சேலையில் துடைத்திருக்கலாம். கொடியில் துண்டு கிடந்தது. கயிற்றின் நடுப்பாகமாகப் பார்த்து, மரத்தில் சுற்றுகிற இடமாகப் பார்த்து, இரண்டு கையாலும் உருவித் துடைத்தேன்.

கயிறு வழுக்கும், கம்பு சுழலாது, இன்றைக்கு இவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு தடவையாவது அலுத்துக்கொள்வார். நான் விரும்பியது அவ்வளவுதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சாரல் காலத்தில் கயிறு எப்போதும் ஈரம் கோத்து வழுக்கும் என்பதும், அதற்குக் குங்கிலியப் பொடியைத் தூவிவிட்டு இழுப்பார்கள் என்பதும் எனக்கு மறந்துபோனது. அக்கா கயிற்றைச் சுற்றினாள், வழுக்கியது, வழக்கம்போல் குங்கிலியத்தைத் தூவினாள். ஈரக் கயிற்றில் குங்கிலியம் நின்று பிடிக்கும். எண்ணெய்க் கயிற்றில் அது பசையாகக் குழையும். கொஞ்ச நேரம் நன்றாகப் பிடித்துவிட்டு, ஒரு கணத்தில் மொத்தமாக விட்டுவிடும்.

கம்பில் கால் பாகம் வரைக்கும் நன்றாகவே ஓடியது. நான் உள்ளே பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் வழுக்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு சத்தம் நின்றது. ஓடிப் பார்த்தால் அவர் இடக்கையை வலக்கையால் பொத்திக்கொண்டிருந்தார். விரல் சந்துகளில் ரத்தம் வழிந்து மரத்தூளில் சொட்டியது. மரம் திடீரென்று நின்று எகிறியதில் உளி துள்ளிக் கட்டைவிரலின் அடியைக் கிழித்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டு மூன்று வாரம் கை அசையக் கூடாது என்றார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. பொழுது அடைந்து வந்த மாமியார் எப்படி நடந்தது என்று கேட்டபோது நான் பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். கயிறு யார் கையில் இருந்தது என்பதுதான் அவள் கேள்வி. அக்கா முன்னால் வந்து நின்றாள்.

“எங் கைதான் தளந்துட்டு அத்தை. நான்தான் கவனிக்கல.”

மாமியார் சொந்த அண்ணன் மகள் என்றும் பாராமல் ஏசினாள். அப்புறம் யார் கண் பட்டதோ என்று மிளகாய் வற்றலும் உப்பும் எடுத்து எல்லாரையும் உட்கார வைத்துச் சுற்றினாள். எனக்கும் சுற்றினாள். அடுப்பில் போட்டபோது ஒரு கமறல் இல்லை, ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. கொள்ளிக் கண்ணுதான் பட்டிருக்கு என்று மாமியார் நாடியில் கையை வைத்தாள். நான் பிள்ளையின் கன்னத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாளில் அக்கா செங்கோட்டைக்குப் போய்விட்டாள். அவர் கை ஆறியதும் மாமியாருக்கு வேறு வழி இல்லை, நான் கயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் இடம் எனக்குக் கிடைத்தது. முதல் வேலையாக அந்தக் கம்பைத்தான் முடித்தோம். அவர் கட்டைவிரல் முன்போல் மடங்கவில்லை. அரக்கில் வளையம் விழுந்தது. இந்தத் தடவை அது என் இடக்கையால் மட்டும் விழுந்தது இல்லை.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. அந்தக் கம்பு போட்ட தொட்டிலில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் தூங்கினார்கள். அக்காவைக் கல்யாணம் காட்சியில் பார்ப்பேன், நலம் விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பழி சுமந்தவள் நல்ல பெயரோடு நடமாடினாள், பழி செய்த எனக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு எரிந்தது. பாவம் செய்தால் பயம் வரும் என்பார்கள். எனக்குப் பொறாமைதான் வந்தது.

மூத்தவள் பெரியவளானபோது சடங்குக்கு அக்கா வந்தாள். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு என்று தாய்மாமன் வீட்டுக்குச் சமமாகச் சீர் கொண்டுவந்தாள். மறுநாள் அடுக்களையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்கு அவள் ஆசையாகத் தலை வாரிவிட்டதைக் காலையில் பார்த்திருந்தேன். சொல்லிவிட்டேன். கயிற்றில் எண்ணெய் தடவியது நான்தான் என்று.

அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“தெரியும்ட்டி. கயிறு எங் கையிலதான இருந்துச்சு? பிள்ளைக்குத் தேச்ச எண்ண வாட எனக்குத் தெரியாதா?”

பின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அவளுக்கு ஒரு மாதமாகவே தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலியாம். வீட்டுக்குப் போகிறேன் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தாளாம். அந்தக் கயிற்றை ஒரு நாளும் அவள் ஆசைப்பட்டுத் தொட்டதில்லையாம். நான் வழி திறந்துவிட்டேனாம்.

பன்னிரண்டு வருஷமாக நான் சுமந்த பாவத்தை ஒரு கட்டுக் கீரை ஆய்கிற நேரத்தில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் அவ்வளவு ஆசைப்பட்ட இடத்தில் அவள் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்துதான் அத்தனை அழகாக இழுத்தாள் என்றதும் பழைய எரிச்சல் புதிதாகக் கிளம்பியது. அதோடு விட்டாளா? எழுந்து கீரையை அலசப் போகும்போது சொன்னாள்.

“அத்தானுக்கும் தெரியும். அன்னைக்குச் சாயங்காலம் கட்டுப் போட்ட கையோட கிணத்தடியில உக்காந்து, சீயக்கா போட்டுக் கயித்த அலசிக்கிட்டு இருந்தாவ. என்னையப் பாத்தாவ. நானும் ஒண்ணும் கேக்கல, அவியளும் ஒண்ணும் சொல்லல.”

ஆக, என்னைப் பற்றிய ஒரு ரகசியம் பன்னிரண்டு வருஷமாக அவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் இருந்திருக்கிறது. அதை உண்டாக்கிக் கொடுத்தவளும் நானே. அவர்களுக்குள் வேறு எதுவும் இருந்ததில்லை என்பது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். இது ஒன்று போதாதா?

சடங்கு வீட்டுக் கூட்டமெல்லாம் போன பிறகு, பட்டறையில் கயிற்றைப் பிடித்தபடி அவரிடம் கேட்டேன். தெரிந்தும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று. அவர் மரத்தைப் பூட்டி முடித்தார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கேட்டிருந்தா நீ வெக்கப்பட்டுக்கிட்டு இங்கன வந்து உக்காந்திருக்க மாட்டியே. இழு.”

நான் இழுத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்ததில் இடக்கை வழக்கத்தைவிட மோசமாகத் தயங்கியது, அவர் பொறுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதைச் செங்கோட்டைக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ தடவை கை துறுதுறுத்திருக்கிறது. எழுதவில்லை. எழுதினால் அதற்கும் தெரியும்ட்டி என்று பதில் போட்டுவிடுவாள். இது ஒன்றாவது அவளுக்குத் தெரியாமல் என்னிடம் இருக்கட்டும்.